உறைகுளிர்ப் பெட்டியும் பகுத்துண்ணலும்

பதுளை நகரக் கடைவீதியில் மின்சாதனங்கள் விற்கும் கடைகளின் முன்புறத்தே, குளிர்சாதனப் பெட்டிகளுக்கும் சலவை இயந்திரங்களுக்கும் அருகில், நீளவாக்கில் அமைந்த வெண்ணிறப் பெட்டியொன்று வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மேற்புறமாகத் திறக்கும் மூடியையுடைய அதனைக் கடைக்காரர் டீப் பிரீசர் என்பர். இக்கட்டுரையில் அஃது உறைகுளிர்ப் பெட்டி எனப்படும். இறைச்சிக் கடைக்கும் உணவு விடுதிக்கும் உரியதென்று கருதப்பட்டு வந்த இப்பொருளின் முன் இன்று தோட்டத்துக் குடும்பங்களும் நின்று விலை கேட்கின்றன. மகன் கொழும்பில் ஒரு கடையிலே வேலை செய்கிறான். மகள் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறாள். அவர்கள் அனுப்பும் பணத்திலே முதற் தவணையைக் கட்டிவிடலாம் என்று தாய் எண்ணுகிறாள். தந்தை தயங்குகிறார். வாங்கினாற் பயன் உண்டா என்பதே அவ்விருவரிடையேயும் எழும் வினா.

மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து இது வெறுங் கணக்குப் பற்றிய வினாவாகவே தோன்றும். ஆயின், இன்றைய தேவைக்கு மேல் எஞ்சும் உணவை மனிதன் என்ன செய்தல் வேண்டும், அவ்வெச்சம் யாருக்கு உரியது என்னும் பழைய அறவினா ஒன்று இதனுள் அடங்கிக் கிடக்கின்றது. நகரத்து மாடிவீட்டில் அவ்வினா எழாமலே போகலாம். ஒரே கூரையின் கீழ்ப் பத்துக் குடும்பங்கள் வாழும் லயத்திலே அது எழாமலிருக்க இயலாது.

கணக்கை முதலில் முடித்துக்கொள்ளலாம். 200 லீற்றர் கொள்ளக்கூடிய பெட்டியொன்றின் விலையை ஓர் இலட்சம் ரூபா எனக் குறைத்தே வைத்துக்கொண்டாலும், அது தோட்டத் தொழிலாளியின் எத்தனை நாள் உழைப்பு என்பதைக் காணுதல் வேண்டும். நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக்க முன்மொழிந்தது. இவ்விறுதித் தொகையைக் கொண்டு கணித்தாலும் பெட்டியின் விலை 65 நாட் சம்பளத்துக்குச் சமமாகும். அந்த 65 நாளும் முழுப்பேர் விழுந்த நாட்களாக இருத்தல் வேண்டும். கொழுந்து குறைந்து அரைப்பேர் போடப்பட்ட நாட்கள் அதிற் சேரா. அந்த நாட்களிற் குடும்பம் எதையும் உண்ணாதிருந்தது என்றும் கொள்ளவேண்டும்! தவணை முறையில் வாங்கினால் வட்டி வேறு.

மின்சாரச் செலவு இதனினும் நுட்பமானது. இவ்வகைப் பெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரத்தை உட்கொள்ளும். மாதத்துக்கு 25 முதல் 30 அலகு எனலாம். தனித்துப் பார்க்கும்போது இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிமுறையாக அமைந்தது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண ஒழுங்கும், அதனைத் தாண்டும் வீட்டுக்கு முதலாவது அலகிலிருந்தே உயர்ந்த வேறோர் ஒழுங்கும் உண்டு. சில மின்குமிழ்கள், ஒரு தொலைக்காட்சி, ஒரு மின்னழுத்தி என்பவற்றோடு 40, 45 அலகில் நின்ற வீடு, பெட்டி வந்த மாதத்திலேயே அந்த எல்லையைக் கடந்துவிடும். பெட்டிக்குரிய 25 அலகுக்கு மட்டுமன்றி, முன்பு மலிவாகக் கிடைத்த 45 அலகுக்கும் கூடிய கட்டணத்தைச் செலுத்த நேரும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ருவரியில் மேலும் 66 வீதமும் ஏறியதைக் கண்ட மக்களுக்கு, பின்னர் அது இறங்கியும் ஏறியும் வந்துள்ளபோதும், மின்பட்டியல் என்றாலே ஓர் அச்சம் நெஞ்சில் நின்றுவிட்டது.

இனி வரவுப் பக்கம். ஒரு குடும்பம் வாரத்துக்கொரு முறை கோழியிறைச்சி வாங்குமாயின், அதனை மலிவான நாளில் மொத்தமாக வாங்கி வைப்பதால் மாதத்தில் மிஞ்சுவது சில நூறு ரூபாவே. காய்கறிக்கு இப்பெட்டி பெரிதும் வேண்டப்படுவதன்று. வெலிமடையும் பண்டாரவளையும் மரக்கறி விளையும் பூமி; கெப்பெட்டிப்பொலப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து நாடெங்கும் அது செல்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீற்றருக்கும் அதிகமான உயரத்திலுள்ள அப்புத்தளைப் பகுதியில் கறிமிளகாயும் கரட்டும் மூலையிற் கிடந்தே சில நாள் வாடாமலிருக்கும். சுமார் 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளை நகரத்தை அண்டிய தோட்டங்களில் வெப்பம் சற்று அதிகமெனினும், அன்றாடம் வாங்கி அன்றாடம் சமைக்கும் வழக்கத்துக்கு அஃது இடையூறன்று. இடத்தையும் எண்ணிப் பார்க்கலாம். பழைய லயத்தின் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. மூன்றடி நீளமும் இரண்டடி அகலமுமான பெட்டி அதன் நிலத்தில் இருபதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மூடி மேல்நோக்கித் திறப்பதால் அதன்மேல் வேறெதையும் நிலையாக வைத்தலும் இயலாது. இஸ்தோப்பில் வைக்கலாமெனின் களவு பற்றிய கவலை.

ஆகவே, ஐஸ் பக்கற்றோ இறைச்சியோ விற்றுப் பணம் பண்ணும் நோக்கமிருந்தாலன்றி, வீட்டுத் தேவைக்கு மட்டும் இப்பெட்டியை வாங்குவது நட்டமே என்பது கணக்கின் தீர்ப்பு. தந்தையின் தயக்கம் நியாயமானது.

எனினும் இக்கணக்கிலே ஒரு குறையுண்டு. தாய் ஏன் அப்பெட்டியை விரும்பினாள் என்று அது கேட்கவில்லை. கொழுந்து பறிக்கும் பெண் பொழுது விடியுமுன் எழுகிறாள். அடுப்பு மூட்டி, மாவு பிசைந்து ரொட்டி சுட்டு, தேங்காய் துருவிச் சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பிரட்டுக் களத்துக்கு ஓடுகிறாள். மாலையில் நிறுவை முடிந்து திரும்பியதும் மீண்டும் அதே அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றே அவளுடையது. அதுவும் துணி துவைப்பதிலும் விறகு சேர்ப்பதிலும் கழியும். ஞாயிறன்று ஐந்து தேங்காயைத் துருவி உறைய வைத்துவிட்டால் வாரம் முழுவதும் காலையில் கால்மணி நேரம் அவளுக்கு மிஞ்சும். அந்தக் கால்மணி நேரத்துக்கு ரூபாவில் மதிப்பிடுபவர் எவருமிலர். தந்தையின் கணக்கில் அவளது தூக்கத்துக்கு ஒரு நிரல் இல்லை. ஒரு பொருள் பயனுடையதா இல்லையா என்னும் வினாவுக்கு விடை சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தே விடையும் மாறும் என்பது இங்குத் தெளிவாகின்றது. குடும்பம் என்று ஒற்றைச் சொல்லால் வழங்கப்படுவதனுள் உழைப்பு ஒருவரிடமும் தீர்ப்பு வேறொருவரிடமும் இருத்தல் கூடும்.

இவ்வளவும் காம்பராவின் உள்ளே நிகழும் வழக்கு. சுவருக்கு அப்பாலுள்ளவரும் இவ்வழக்கில் ஒரு தரப்பினர் என்பதே இக்கட்டுரையின் முதன்மையான பொருள்.

ஆங்கிலத் தத்துவஞானியான யோன் லொக், 1689ஆம் ஆண்டு வெளிவந்த தமது அரசாங்கம் பற்றிய நூலின் இரண்டாம் பகுதியில், தனியுடைமை எங்ஙனம் நியாயமாகின்றது என்பதை ஆராய்ந்தார். இயற்கை எல்லோருக்கும் பொதுவானது. ஒருவன் தன் உழைப்பைக் கலந்து எடுத்துக்கொண்டது அவனுக்குரியதாகின்றது. ஆனால் எவ்வளவு எடுக்கலாம்? கெட்டுப்போகுமுன் பயன்படுத்தக் கூடிய அளவே என்பது அவர் விடை. அழுகவிடுபவன் அயலானின் பங்கைக் கவர்ந்தவனாகிறான். ஒரு வாரத்தில் அழுகும் பழங்களைக் கொடுத்து ஓராண்டு கெடாதிருக்கும் கொட்டைகளைப் பெறுபவன் எவருக்கும் தீங்கிழைக்கவில்லை என்றும் அவர் கூறினார். இவ்வழியே சென்று, கெடாப் பொருளாகிய பணம் வந்ததும் மனிதன் எல்லையின்றிச் சேர்க்கும் உரிமை பெற்றான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பேராசைக்கு இயற்கை இட்டிருந்த கடிவாளம் அழுகல். பணம் அதனை அறுத்தது. பணத்துக்கு அகப்படாது எஞ்சியிருந்த மீனுக்கும் இறைச்சிக்கும் உரிய கடிவாளத்தை, 1920களில் கிளரன்ஸ் பேர்ட்ஸை என்னும் அமெரிக்கர் விரைந்து உறைய வைக்கும் முறையை வணிகமாக்கியதன் பின்னர், உறைகுளிர் இயந்திரம் அறுத்தது. லொக் கூறிய எல்லையை ஒரு வீட்டின் மூலையிலே வைத்து இல்லாமற் செய்யும் கருவி இப்பெட்டி எனின் மிகையாகாது.

லயத்தில் அந்த எல்லை எவ்வாறு தொழிற்பட்டது என்பதை அறிந்தாலன்றி அதன் இழப்பை அளவிட முடியாது. பழைய லயங்கள் பலவற்றிற் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரைவரை எழும்புவதில்லை. ஒரு வீட்டின் பேச்சு மறுவீட்டுக்குக் கேட்கும்; தாளிக்கும் மணமும் அவ்வாறே. கருவாடு பொரிப்பதையே மறைக்க முடியாத இடத்தில் இறைச்சி சமைப்பதை மறைப்பது எங்ஙனம்? தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் சில குடும்பங்கள் கூடி ஆடு வாங்கிப் பங்கு போடும்போது, பங்கில் சேராத வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும். அது போகாவிடின் மணம் போய்ச் சேரும். மணம் போய்க் கிண்ணம் போகாதிருப்பதை எவரும் நெடுநாள் மறப்பதில்லை. அன்றாட வாழ்விலும் ஒரு சுண்டு அரிசி, ஒரு பிடி சீனி, ஒரு கோப்பை மாவு எனச் சுவரோரத்தில் கைமாற்று நடந்துகொண்டேயிருக்கும். எவர் எவருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பது எழுதப்படாவிட்டாலும் பெண்களின் நினைவிற் பிழையின்றி இருக்கும். சாவு வீட்டுச் செலவுக்கென மரணாதார சங்கம் இருப்பதைப் போலவே, சம்பள நாளுக்கு முந்திய வாரத்துக்கென இக்கைமாற்று இருந்தது. மிகுந்ததை அயலாரின் நினைவில் இட்டுவைப்பது அங்கு நிலவிய சேமிப்பு முறை.

உறைகுளிர்ப் பெட்டியின் புதுமை இவ்விடத்திலேதான் புலப்படும். உறைந்த இறைச்சிக்கு மணமில்லை. லயத்தின் வரலாற்றிலே, ஒரு வீட்டில் உணவு இருக்கிறது என்பதை அடுத்த வீடு அறியாதிருக்க வழிசெய்யும் முதற் பொருள் இதுவே எனலாம். நெல்லும் அரிசியும் கெடாதவைதாமே, அவற்றை மூட்டையிற் கட்டி வைத்தவர்கள் இல்லையா எனச் சிலர் வினவலாம். வாரத்துக்கு வாரம் கடையில் வாங்கி உண்டவரிடம் மூட்டை இருந்ததில்லை; இருந்திருப்பின் அது சுமந்து வரப்படுவதை எல்லோரும் கண்டிருப்பர். மூடியிட்ட பெட்டியோ, உள்ளே நிறைந்திருப்பினும் வெறுமையாயிருப்பினும் வெளியில் ஒரே முகம் காட்டும். அயலாள் கேட்கும்போது "இல்லை" என்று சொல்வதற்கு அது இடமளிக்கின்றது. அச்சொல் பொய்யாயிருந்தாலும் அதனைக் காட்டிக்கொடுக்க அடுப்பின் புகை கூட இராது.

தமிழரின் பழைய இலக்கியம் இவ்வினாவை அறியாததன்று. முதிர மலைத் தலைவனாகிய குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் தம் மனைவிக்குக் கூறியதாக அமைந்த பாடல் புறநானூற்றில் உண்டு. நெடுநாள் வறுமைக்குப் பின் மலைபோற் பொருள் வந்திருக்கின்றது. அதனைப் பாதுகாத்து இனிமேலாவது நன்றாக வாழ்வோம் என எண்ணாமலும், தம்மிடம் கேட்டுக்கொண்டிராமலும், எல்லோருக்கும் கொடுக்குமாறு புலவர் அவளைப் பணிக்கிறார். கொடுக்கப்பட வேண்டியோருள், அவள் பசித்திருந்த காலத்தில் அளந்து கொடுத்து அளந்து பெறும் குறியெதிர்ப்பையாக உணவு தந்துதவியவரும் இடம்பெறுகின்றனர். லயத்துச் சுவரோரக் கைமாற்றுக்குச் சங்க காலத்துப் பெயர் இதுவே. வள்ளுவரும் ஈகை அதிகாரத்திற் பொருளை வைத்தற்குரிய இடம் எதுவென்று கூறுமிடத்து, வறியவரின் பசியைத் தீர்ப்பதையே அவ்விடமாகக் காட்டுகின்றார். சேமிக்காதே என்று அவர் கூறவில்லை. எங்கே சேமிப்பது என்பதையே மாற்றிச் சொல்கின்றார் என்பது நோக்கற்பாலது.

இங்ஙனம் பழைய பெருமையை எடுத்துரைத்து, பெட்டி வேண்டாம் என்று தீர்ப்பளித்துவிடுதல் எளிது. மேடைகளிலே அவ்வாறு தீர்ப்பளிப்பவரும் உளர். அவர்கள் வீட்டில் இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள் இருக்கலாம். ஏழையின் வீட்டில் எஞ்சுவது மட்டும் பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும் என்னும் அறம் எவ்வகையில் அறமாகும்? மலையகத் தொழிலாளரின் வரலாற்றை நோக்கினால் இக்கேள்வியின் கடுமை விளங்கும். அவர்தம் முன்னோர் கடனோடு தோட்டம் புகுந்தனர். அக்கடனின் அளவைக் குறித்த துண்டு அவர்களோடு தோட்டத்துக்குத் தோட்டம் சென்றது. 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அதுவரை அத்தொழிலாளியின் நாளை என்பது ஏற்கெனவே வேறொருவரிடம் ஈடு வைக்கப்பட்டிருந்த பொருள். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களிற் பசியினால் மக்கள் மாண்டனர். ஊர்ப்புறத்தான் தன் காணியில் மரவள்ளி நட்டான். லயத்தானுக்கு நடக் காணியில்லை, வைத்திருக்க இருப்புமில்லை. கைமாற்றுக் கொடுக்க எந்த வீட்டிலும் எதுவுமில்லாதபோது அண்டை வீட்டு நினைவிலிருந்த சேமிப்பு பயன்படவில்லை. 2022இலும் இதன் சாயல் காணப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 வீதத்தை எட்டியது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாகவே நின்றது. எல்லோரும் ஒருசேர வறியவராகும் நாளில் பகிர்வினாற் பசி தீர்வதில்லை. பசியே சமமாகப் பங்கிடப்படுகின்றது.

ஆகவே, ஒரு தோட்டத்துக் குடும்பம் தன் நாளையைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்புவதைப் பேராசை எனல் தகாது. நூற்றாண்டுக்கு மேலாக மறுக்கப்பட்ட உரிமை அது. அந்த உரிமையைத் தவணைக் கடனிற் பெறவேண்டியிருப்பது ஒரு முரண். நாளைய உணவை வைப்பதற்காக நாளைய சம்பளம் ஈடு வைக்கப்படுகின்றது. துண்டு போய்த் தவணைச் சீட்டு வந்தது என்று கசப்போடு சொல்லத் தோன்றும். எனினும் இதனை வேண்டாமென்று மறுக்கும் உரிமை இக்குடும்பத்துக்கு உண்டு, துண்டை மறுக்கும் உரிமை அதன் பாட்டனுக்கு இருக்கவில்லை. இவ்வேறுபாடு சிறியதன்று.

லயத்தின் பகிர்வைப் பற்றியும் மெய்யைச் சொல்லவேண்டும். இரவுக்குள் கெட்டுவிடும் இறைச்சியைப் பகிர்ந்தவன் உண்மையில் எதை இழந்தான்? அறச்செயல் ஒன்று அறமாவதற்கு, செய்பவன் அறிந்து, அச்செயலை அதன்பொருட்டே தெரிந்தெடுத்து, நிலைத்த குணத்தினின்றும் செய்தல் வேண்டும் என்று அரிஸ்ரோட்டில் நிக்கோமாக்கிய அறவியலிற் கூறினார். இந்த அளவுகோலை வைத்து நோக்கின், வேறு வழியின்மையாற் செய்த பகிர்வு ஈகையின் தோற்றம் உடையதேயன்றி ஈகையாகாது. வைத்திருக்கக்கூடியவன் கொடுக்கும்போதே கொடை பிறக்கின்றது. அவ்வாறாயின் உறைகுளிர்ப் பெட்டி லயத்திலே ஈகையை அழிப்பதற்கு மாறாக, அதனை முதன்முறையாக இயலச் செய்கின்றது என்றும் வாதிடலாம்.

இவ்வாதம் கூர்மையானது, ஆனால் அரைகுறையானது. நற்செயல்களைச் செய்து செய்தே மனிதன் நல்லவனாகிறான் என்று கூறியவரும் அதே அரிஸ்ரோட்டில்தான். முதலில் நிர்ப்பந்தத்தாற் கொடுத்த கைதான் பின்னர் விருப்பத்தாற் கொடுக்கப் பழகும். கிண்ணம் ஏந்திச் சென்ற சிறுமி, தன் தாய் எவ்வளவு போட்டாள் என்பதைப் பார்த்துக்கொண்டே சென்றாள். கொடுத்தலின் அளவு அவளுக்கு அங்ஙனமே தெரிய வந்தது. பெட்டியுள்ள வீட்டில் வளரும் சிறுமிக்கு அப்பயிற்சி எங்கிருந்து வரும்? ஈகையைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பைத் தந்த அதே கருவி, தெரிந்தெடுக்கக் கற்றுக்கொடுத்த பள்ளியையும் மூடிவிடுகின்றது. உறைகுளிர்ப் பெட்டி பற்றிய மெய்யான இடர்ப்பாடு இதுவே. மின்பட்டியலைக் கொண்டு இதனை அளக்க முடியாது.

மானிடவியலாளரும் வேறு வழியால் இவ்விடத்துக்கே வந்து சேர்ந்தனர். பயிர்த்தொழில் அறியாத வேட்டைக் குடிகளிடையேயும், உணவைப் பெருமளவிற் சேமித்து வைக்கும் குடிகளிடத்து ஏற்றத்தாழ்வு தோன்றுவதையும், சேமிக்காத குடிகளிடத்து அது பெரிதும் இல்லாதிருப்பதையும் பிரெஞ்சு அறிஞரான அலென் ரெஸ்ரா 1982ஆம் ஆண்டிற் சுட்டிக்காட்டினார். பத்து வீடுகளில் ஒரு வீட்டுக்கு மட்டும் பெட்டி வரும் லயத்தில் இதன் சிறு வடிவத்தைக் காணலாம். பெட்டியுடைய வீட்டுக்கு மற்றவர் தம் மீனையும் இறைச்சியையும் கொண்டுவந்து வைக்கச் சொல்வர். முதல் மாதம் மகிழ்ச்சியோடு இடம் கொடுக்கப்படும். மின்பட்டியல் வந்த பின் முகம் மாறும். இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி வாங்கலாமே என்பது நல்ல யோசனைதான். எந்த வீட்டு மின்மானியில் அது ஓடும், பெட்டி பழுதானால் செலவு யாருடையது, திறப்பு யார் கையில் என்ற மூன்று வினாக்களுக்கும் முன்கூட்டியே விடை கண்டவர்களுக்கு அது பொருந்தும்.

இவ்வளவையும் எண்ணிப் பார்க்குமிடத்து, பெட்டி வேண்டும் என்ற தாயின் பக்கமே நியாயம் சற்று மிகுந்திருக்கின்றது. பணம் மிஞ்சும் என்ற காரணத்துக்காக வாங்குவதாயின் அது தவறான கணக்கு, பணம் மிஞ்சாது. உடல் ஓய்வதற்கும், சம்பள நாளுக்கு முந்திய வாரத்தில் எவரிடமும் கையேந்தாதிருப்பதற்கும் வாங்குவதாயின் அதனைக் குறைகூறும் தகுதி வெளியாருக்கு இல்லை. ஆனால் கையேந்தாதிருத்தல் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கேட்கவேண்டிய தேவை நீங்கிய வீடு, கேட்பவரைப் பொறுக்கும் குணத்தையும் மெல்ல இழக்கக்கூடும். தான் கேட்டறியாதவனுக்குக் கேட்பவனின் கூச்சம் புரிவதில்லை. பெட்டி வந்த வீட்டுப் பெண் இடையிடையே அயலாளிடம் ஒரு பிடி சீனி கேட்பாளாயின், அது தேவைக்காக அன்று. சுவரோரத்து வழி அடைபடாதிருப்பதற்காக.

ஊவாவிலே இப்பெட்டியைப் பற்றி எண்ணுவோர் மலைச்சரிவையும் எண்ணாதிருக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையினாற் பதுளை மாவட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது, உயிர்கள் மாண்டன, பாதைகள் துண்டிக்கப்பட்டன, பல இடங்களில் மின்சாரம் நின்றது. மண்சரிவு எச்சரிக்கை கிடைத்ததும் பாடசாலைக்கோ கோயிலுக்கோ ஓடும் குடும்பம் பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொள்ளும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

ஓடவேண்டிய தேவையில்லாத லயத்திலும், மின்சாரம் நின்றதும் பெட்டியின் ஆயுள் எண்ணப்படத் தொடங்குகின்றது. நிறைந்த பெட்டி, மூடியைத் திறக்காதிருப்பின், ஏறத்தாழ 48 மணி நேரம் குளிரைக் காக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது கூட இதனைச் சமாளித்திருக்கலாம். பாதையும் மின்கம்பமும் சேர்ந்து விழுந்த நாட்களில் அது முடியாது. மூன்றாம் நாள் காலையில் லொக்கின் எல்லை லயத்துக்குத் திரும்பி வருகின்றது. கடைக்கு வழியில்லை; எந்த வீட்டிலும் கறிக்கு ஒன்றுமில்லை. பெட்டிக்காரி மூடியைத் திறக்கிறாள். ஈரவிறகை ஊதி ஊதிப் பெரிய பானையில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சமைக்கிறாள். மணம் சுவருக்கு மேலாகப் பழையபடி பரவுகின்றது. பத்து வீட்டுக்கும் கிண்ணம் போகின்றது. கிண்ணத்தை வாங்கும் பிள்ளை, இது விருப்பத்தாற் கொடுக்கப்பட்டதா கெட்டுவிடும் என்பதாற் கொடுக்கப்பட்டதா என்று கேட்கப்போவதில்லை. அப்பிள்ளையின் தாய்க்கு அது தெரிந்திருக்கும். சென்ற மாதம் சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் அவள் சுவரோரம் வந்து நின்றபோது அம்மூடி திறந்ததா என்பது அவள் நினைவில் இருக்கின்றது.